பம்பாயின் இரண்டு கடிகாரங்கள்

தென்னாட்டிலிருந்து பிழைப்புக்காக வடபுலம் சென்ற நம்மவர் பலரும், புதிய ஊரில் முதற் சில நாட்கள் கதிரவனோடு ஒரு சிறு பிணக்குக் கொண்டிருப்பர். பம்பாய்க்கு வந்தவர் தை மாதத்தில் காலை ஏழு மணிக்கு எழுந்து, இன்னும் சூரியன் உதிக்கவில்லையே என்று கடிகாரத்தை ஐயுறுவார். கல்கத்தாவுக்குப் போனவரோ, மார்கழியில் மாலை ஐந்து மணிக்கே விளக்கேற்ற வேண்டியிருப்பது கண்டு, அலுவலகம் முடியுமுன் பொழுது முடிந்துவிட்டதே என்று வியப்பார். சில வாரங்களில் இது பழகிப்போகும். பிறகு அதைப்பற்றி யாரும் நினைப்பதில்லை. ஆனால் இந்தச் சிறிய வியப்புக்குப் பின்னால் ஒரு நெடுங்கதை இருக்கிறது. இன்று மும்பை எனப்படும் பம்பாய் மாநகரம், தன் நண்பகல் எது என்பதற்காக எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்காடிய கதை அது. அவ்வழக்கில் நமது சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

சூரியன் தலைக்கு நேரே வரும் வேளையை நண்பகல் என்கிறோம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், கிழக்கேயுள்ள ஊருக்கு நண்பகல் முன்னே வருகிறது, மேற்கேயுள்ள ஊருக்குப் பின்னே வருகிறது. ஒரு பாகை தீர்க்கரேகைக்கு நான்கு நிமிஷம் என்பது கணக்கு. பழங்காலத்தில் இதனால் இடர் ஒன்றும் விளையவில்லை. ஒவ்வோர் ஊரும் தன் தலைமேல் வந்த சூரியனையே நம்பி வாழ்ந்தது. நம் முன்னோர் உதயத்திலிருந்து நாழிகை எண்ணினர். அறுபது நாழிகை ஒரு நாள். தஞ்சாவூரில் பத்து நாழிகை ஆகும்போது காசியில் எத்தனை நாழிகை என்று கேட்டவர் வான நூலாரன்றி வேறு யார் இருந்திருப்பர்? காசிக்குப் போக மாதக்கணக்கில் நடக்க வேண்டிய காலத்தில் அந்தக் கேள்விக்கே பொருளில்லை.

ரயில் வந்தது. கேள்விக்குப் பொருளும் வந்தது. 1870-ஆம் ஆண்டில் பம்பாயும் கல்கத்தாவும் இருப்புப் பாதையால் இணைந்தன. அடுத்த ஆண்டில் ராய்ச்சூரில் இரு பாதைகள் கூட, சென்னையும் பம்பாயும் இணைந்தன. பம்பாயின் சொந்த நேரம் கிரீன்விச் நேரத்துக்கு 4 மணி 51 நிமிஷம் முற்பட்டது. சென்னையுடையது 5 மணி 21 நிமிஷம், கல்கத்தாவுடையது ஏறத்தாழ 5 மணி 53 நிமிஷம். ஒரே வண்டி மூன்று நேரங்களில் ஓட முடியுமா? எதிர் எதிராக வரும் இரண்டு வண்டிகள் ஒற்றைத் தண்டவாளத்தில் எங்கே ஒதுங்குவது என்பதைக் கடிகாரத்தைக் கொண்டு தீர்மானிக்கும் நிலையத் தலைவருக்கு, அரை மணி வேறுபாடு உயிர்ப் பிரச்னையாயிற்று. ஆகவே இந்திய ரயில்களெல்லாம் சென்னை நேரத்தையே கைக்கொண்டன.

சென்னைக்கு ஏன் இந்தச் சிறப்பு? இரண்டு காரணங்கள் உண்டு. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கிட்டத்தட்ட நடுவில் சென்னையின் தீர்க்கரேகை அமைந்திருப்பது ஒன்று. இரு பக்கமும் அரைமணி அளவே பேதம் என்பதால் யாருக்கும் பெருந்துன்பமில்லை. மற்றொன்று, நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டிமுடிக்கப்பட்ட வான ஆராய்ச்சி நிலையம். கும்பெனியாரின் கட்டடம் அது. கோல்டிங்ஹாம் என்பவர் அங்கிருந்தே சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். பின்னாளில் அந்நிலையத்தின் நேரம் தந்திக் கம்பி வழியாகத் தொலைதூரம் சென்றது. தொலைநோக்குக் கருவியைத் தாங்க அங்கு நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. அதில் லத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துக்கள் பொறித்திருக்கின்றன. பெஷாவரில் ரயிலுக்குக் காத்திருந்தவருங்கூட அறியாமலே நுங்கம்பாக்கத்துக்குக் கட்டுப்பட்டிருந்தார் என்று நாம் சிறிது பெருமை கொள்ளலாம். பம்பாய்வாசிகளுக்கு அந்தப் பெருமையில் பங்கில்லை என்பதை இனிச் சொல்லப் போகிறோம்.

ரயில் தன் நேரத்தை நிலையத்தின் மதில்களுக்குள்ளே வைத்திருந்தவரை நகரம் பொறுத்துக்கொண்டது. வண்டி பிடிக்கப் போகிறவர் அரைமணி முன்னதாகப் போனால் போதும். ஆனால் 1881-ஆம் ஆண்டில், கவர்னராக இருந்த சர் ஜேம்ஸ் பெர்குஸன், சர்க்கார் அலுவலகங்கள் யாவும் சென்னை நேரத்தையே கொள்ள வேண்டுமென்று ஆணையிட்டார். நகரம் கொதித்தது. கொலாபாவில் 1826-ஆம் ஆண்டு முதலே தனக்கென ஒரு வானிலையம் வைத்திருந்த ஊர் அது. பருத்தி வாணிகத்தால் செழித்து, கப்பல் துறையால் உலகோடு உறவாடி, இந்தியாவின் முதல் நகரம் தானே என்று மார்தட்டிய ஊர். அது சென்னையைப் பார்த்துத் தன் கடிகாரத்தைத் திருப்புவதா? மக்களைக் கலந்துகொள்ளாமல் அவர்களுடைய பொழுதை மாற்றுவதா? இந்த இரண்டாவது கேள்விதான் உண்மையில் கனமானது என்பது நம் கருத்து. முதற் கேள்வி வெறும் ஊர்ப் பெருமை. இரண்டாவது, ஆளுகிறவர்களை நோக்கிக் குடிமக்கள் எழுப்பிய நியாயமான கேள்வி.

சண்டை ஒரு மணிக்கூண்டின் மேல் வந்து நின்றது. கோட்டை வட்டாரத்தில் பல்கலைக்கழகத்தை ஒட்டி நிற்கும் ராஜாபாய் கோபுரத்தைப் பம்பாயில் வாழும் நம்மவர் அனைவரும் கண்டிருப்பர். 1869-ல் தொடங்கி 1878-ல் கட்டி முடித்த அது 280 அடி உயரமுள்ளது. பருத்தி வாணிகத்திலும் பங்குச் சந்தையிலும் பெயர் பெற்ற பிரேம்சந்த் ராய்சந்த் பொருளுதவி, தம் தாயின் பெயரை அதற்கு இடச் செய்தார். சமண சமயத்தவரான அந்த அம்மையார் பார்வை இழந்தவர் என்றும், பொழுது சாயுமுன் உணவு கொள்ளும் விரதத்துக்கு அந்த மணியோசை அவருக்குத் துணையாயிற்று என்றும் ஊரார் சொல்வர். மெய்யோ கதையோ, ஒரு மணிக்கூண்டு எதற்காக என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

இந்தக் கடிகாரம் எந்த நேரத்தைக் காட்டுவது? பல்கலைக்கழகத்தின் ஆட்சி மன்றம் பம்பாய் நேரமே என்று தீர்மானித்தது. அப்படியானால் இரவில் கடிகார முகத்துக்கு விளக்கேற்றும் செலவை நாம் தரமாட்டோம் என்றது சர்க்கார். பெரிய சாம்ராஜ்யம் ஒன்று விளக்குக் கணக்கைக் காட்டி மிரட்டிய இந்தக் காட்சியை எண்ணினால் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆயினும் அன்று அது சிரிப்பாக இருக்கவில்லை. இறுதியில் 1883-ல் சர்க்காரே இறங்கி வந்து ஆணையைக் கைவிட்டது. பம்பாய் வென்றது.

அந்த வெற்றி இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேல் நிலைத்தது. உலக நாடுகள் கிரீன்விச்சை மூலமாக வைத்துத் தத்தம் நேரங்களை வகுத்துக்கொண்டு வந்தன. இந்தியாவுக்கு 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முற்பட்ட நேரம் ஒன்று வகுக்கப்பட்டது. 1905 ஜூலையில் ரயில்கள் அதை ஏற்றன. 1906 ஜனவரி முதல் நாளன்று அது நாட்டின் பொது நேரமாயிற்று. சென்னைக்கு இதனால் வந்த மாறுதல் வெறும் ஒன்பது நிமிஷம். அதனால் அங்கு யாரும் வருந்தவில்லை. கல்கத்தா 24 நிமிஷம் பின்வாங்க வேண்டும். பம்பாயோ 39 நிமிஷம், அதாவது நம் கணக்கில் ஒன்றரை நாழிகைக்கும் சற்று மேல், முன்னே பாய வேண்டும்.

அந்த வேளையையும் நினைவில் கொள்ள வேண்டும். 1905 அக்டோபரில் வங்காளம் பிரிக்கப்பட்டது. சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தது. கர்ஸன் பிரபுவின் சர்க்கார் எதைச் செய்தாலும் ஐயத்தோடு நோக்கப்பட்ட நாட்கள் அவை. புதிய நேரமும் அந்த ஐயத்துக்குள் அகப்பட்டுக்கொண்டது.

எனினும் இதை அரசியல் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது, பஞ்சாலைத் தொழிலாளிக்கு நீதி செய்வதாகாது. அவரிடம் கடிகாரம் இல்லை. விடியலும் ஆலைச் சங்கும் தாம் அவர் கடிகாரம். நெடுங்காலம் ஆலைகள் பகல் வெளிச்சத்தை நம்பியே ஓடின. விடிந்தபின் இயந்திரம் சுழலும், இருட்டுமுன் நிற்கும். புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சார விளக்கு ஆலைக்குள் வந்தது. வந்ததும் வேலை நாள் நீண்டது. பதினான்கு, பதினைந்து மணி நேரம் உழைக்க நேர்ந்ததால் 1905-லேயே தொழிலாளர் கிளர்ந்திருந்தனர். அந்தப் புண் ஆறுமுன், ஜனவரிக் குளிரில், ஆலையின் கடிகாரமுள் 39 நிமிஷம் முன்னே தள்ளப்பட்டது. ஜனவரியில்தான் பம்பாயில் சூரியன் மிகத் தாமதித்து எழுகிறான். நேற்றுவரை விடியலில் அடுப்பு மூட்டிய பெண், இன்று இருட்டில் எழுந்து குழாயடியில் நின்று, ரொட்டி சுட்டுக் கட்டிக்கொடுத்தாக வேண்டும்.

1906 ஜனவரி 5-ஆம் நாள் பஞ்சாலைத் தொழிலாளர் சில ஆயிரம் பேர் வேலைக்குப் போக மறுத்து ஆலைமீது கல்லெறிந்தனர். காலையில் முன்னே போனால் மாலையிலும் முன்னே விடுவார்களே, இதில் நஷ்டம் என்ன என்று கணக்குப் பார்ப்பவர் கேட்கலாம். கணக்கு சரிதான். ஆனால் கடிகாரம் முதலாளியின் சுவரில் அன்றோ தொங்கியது? காலையில் ஓடிய முள் மாலையிலும் நேர்மையாக ஓடும் என்று நம்புவதற்கு அந்தத் தொழிலாளிக்கு என்ன ஆதாரம் இருந்தது? வயது வந்த ஆடவருக்குப் பஞ்சாலைகளில் பன்னிரண்டு மணி நேரமே வேலை என்ற வரம்பு சட்டமானது 1911-ல்தான்.

நகர மாளிகையில் எதிர்ப்பு வேறு உருக்கொண்டது. பெரோஸ்ஷா மேத்தா முதலிய தலைவர்கள், மக்களைக் கேளாமல் செய்த மாற்றம் இது என்று வாதாடினர். அவ்வாண்டே மாநகராட்சி தன் கடிகாரங்களில் பம்பாய் நேரத்தையே வைத்துக்கொள்ளத் தீர்மானித்தது. அதன்பின் நடந்ததுதான் விந்தை. சர்க்கார், ரயில், தந்தி எல்லாம் ஒரு நேரத்தில் நடந்தன. நகராட்சி வேறொரு நேரத்தில் நடந்தது. கிராபோர்டு சந்தைக் கோபுரத்துக் கடிகாரம் ஒன்று சொல்ல, சிறிது தூரத்தில் விக்டோரியா ரயில் நிலையத்துக் கடிகாரம் அதற்கு 39 நிமிஷம் கூடுதலாகச் சொல்லிற்று. கூட்டத்துக்கு அழைப்பு அச்சிடுகிறவர் எந்த மணி என்று தெளிவாகக் குறிக்காவிட்டால், பாதிப் பேர் வரும்போது மீதிப் பேர் புறப்பட்டுக்கொண்டிருப்பர். தாமதித்து வந்தவருக்கோ இதைவிட நல்ல சாக்கு வேறு எந்த நகரத்தில் கிடைத்திருக்கும்?

ஓராண்டு, ஈராண்டு அல்ல. மேத்தா 1915-ல் மறைந்தார். முதல் மகாயுத்தம் வந்து போயிற்று. பம்பாயில் 1927 ஜூலையில் ஒலிபரப்பு நிலையம் தொடங்கியது. இரண்டாம் யுத்தத்தின்போது, 1942 முதல் 1945 வரை, நாட்டின் பொது நேரமே ஒரு மணி முன்னே தள்ளப்பட்டது. அந்நியர் ஆட்சி அகன்றது. கல்கத்தா 1948-ல் தன் சொந்த நேரத்தை விட்டது. பம்பாய் நேரமோ அதற்குப் பின்னரும் பிடிவாதமாக இருந்து, 1950-களில்தான் விடைபெற்றது. யார் மீதுள்ள கோபத்தால் அதைக் காத்தார்களோ அவர்கள் கப்பலேறிய பிறகு, கோபத்துக்கும் கடிகாரத்துக்கும் வேலையில்லாமற் போயிற்று. வானொலியும் இதில் ஒரு கை கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் செய்திக்கு முன் ஒரே நேரம் ஒலிக்கும்போது, சந்தைக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர் யார்?

கடிகாரங்கள் இணங்கிவிட்டன. சூரியன் இணங்கவில்லை. சராசரியாகச் சொன்னால், மும்பையில் உண்மையான நண்பகல் இன்றும் 12 மணி 39 நிமிஷத்துக்கு வருகிறது. டில்லியில் 12 மணி 21 நிமிஷத்துக்கும், கல்கத்தாவில் 11 மணி 36 நிமிஷத்துக்கும் வருகிறது. பருவத்துக்கேற்பச் சில நிமிஷங்கள் முன்பின் ஆகும்.

இதை அலுவலகத்தில் மறந்துவிடும் நாம் பூஜை அறையில் மறக்க முடிவதில்லை. மாதுங்காக் கடைத்தெருவில் பூவும் வாழையிலையும் வாங்குமிடத்திலேயே தமிழ்ப் பஞ்சாங்கமும் வாங்கி வருகிறோம். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்று குழந்தைப் பருவத்திலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். அது சூரியன் ஆறு மணிக்கு உதிப்பதாக வைத்துக்கொண்ட கணக்கு. சென்னைக்கும் மும்பைக்கும் இடையே சூரியன் அரைமணி தாமதிக்கிறான். அப்படியானால் ஏழரை என்பதை எட்டு என்று கொள்ளவேண்டாமா? கொள்ளவேண்டும் என்பார் ஒரு பெரியவர். பெரியோர் சொன்ன எண்ணை மாற்ற நாம் யார் என்பார் இன்னொருவர். பெண் பார்க்கப் புறப்பட வேண்டிய ஒரு திங்கட்கிழமை காலையில் நம் வீட்டுக் கூடத்திலும் இந்த வாதம் எழுந்தது. இரு கட்சியும் ஒப்பும்படி ஏழரைக்கு முன்னரே கிளம்பிவிடுவோம் என்று பாட்டி தீர்ப்புச் சொல்ல, காப்பி ஆறுவதற்குள் எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டோம்.