பறையும் ‘பரையா’வும்

ஊரார் விலக்கிய ஒருவனையும், உலக நாடுகள் உறவறுத்த அரசினையும் ஆங்கிலேயர் ‘பரையா’ என்னுஞ் சொல்லாற் குறிப்பர். இச்சொல் தமிழிற் பிறந்ததே. பறை முழக்குவோர் பறையர். புறநானூற்றிலே பெயர் சுட்டப்பெற்ற பழங்குடியினர். அப்பெயர் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற் புகுந்தது. பிரெஞ்சு ஆசிரியர் பெர்னார்தென் த சென் பியேர் 1791இல் வெளியிட்ட ‘இந்தியக் குடிசை’ என்னுங் கதை, பறையர் ஒருவரை நல்லறிவினராகக் காட்டி அப்பெயரை ஐரோப்பாவிற் பரப்பிற்று. 19ஆம் நூற்றாண்டில் அது, எந்நாட்டிலும் ஒதுக்கப்பட்டாரைச் சுட்டும் பொதுச்சொல்லாயிற்று.

ஆயின், பறைதல் என்பதன் பொருள் யாது? சொல்லுதல் என்பதே. மலையாளத்தார் இன்றும் அவ்வாறே வழங்குவர். வெள்ளவத்தையிற் குடியேறிய யாழ்ப்பாணத்து முதியோர், ஆரவாரிக்குஞ் சிறுவரைப் ‘பறையாமல் இரு’ என்று அடக்குவர். அரசனாணையை ஊர்க்குச் சொன்ன கருவியும் பறையே. ஊரோடு பேசியவன் பெயர், ஊர் பேசாதவனுக்குப் பெயராயிற்று!

இக்குற்றம் ஆங்கிலத்தின் மேலதன்று. நம்மவர் கொண்டொழுகிய தீண்டாமையைக் கண்டே பிறர் அச்சொல்லுக்கு அப்பொருளை ஏற்றினர். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஓர் இதழைத் தொடங்கி, அதற்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். வாயடைக்கப்பட்ட சொல் மீண்டும் பறையத் தொடங்கிற்று.