கண்ணாடிப் புடையனின் குடற்புழு: ஒரு பெயரீட்டின் வரலாறு

வன்னி வயல்களில் அறுவடைக் காலத்தில் கண்ணாடிப் புடையனுக்கு அஞ்சாதார் இலர். அதன் நஞ்சு பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அதன் குடலில் வாழும் உயிர்கள் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகச் சிறிதே. ஆயினும் அவற்றுள் ஒன்று 1904ஆம் ஆண்டிலேயே அறிவியற் பெயர் பெற்றுவிட்டது.

கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக 1902இல் பொறுப்பேற்றவர் ஆதர் வில்லி. அந்நூதனசாலைச் சேகரிப்பிலிருந்த உருளைப்புழுக்களை ஜேர்மனியரான ஒட்டோ வொன் லின்ஸ்ரோ ஆராய்ந்தார். தொழிலால் அவர் படை மருத்துவர். புழுக்களில் ஈடுபாடு மிக்கவர். வில்லி தொடங்கிய ‘ஸ்பொலியா செய்லானிக்கா’ ஏட்டில் அவர்தம் முடிபுகள் வெளிவந்தன. கண்ணாடிப் புடையனிற் பெறப்பட்ட புழுவுக்கு வில்லியின் பெயரையே சூட்டி, ‘கலிசெபலசு வில்லியை’ என்றார். பாம்பைப் பிடித்துக் கொடுத்தவர் யாரென்பதைப் பெயர் கூறாது. பெயரீட்டின் இயல்பு அது.

கலிசெபலசு என்னும் சாதியை 1861இல் நிறுவியவர் மொலின். மனிதரின் கொழுக்கிப் புழுவுக்கு இது உறவானது. பக்கவாட்டில் தட்டையான வாயறையாற் குடற்சுவரைப் பற்றிக்கொள்ளும். முட்டைகள் மலத்துடன் வெளியேற, குடம்பிகள் மண்ணில் வளர்ந்து, வாய்வழியே வேறொரு பாம்பை அடைகின்றன.

புதிய விருந்துவழங்கியிற் கண்ட புழுவையெல்லாம் புதிய இனமெனக் கூறும் வழக்கம் பின்னர் பெருகிற்று. பெயிலிஸ் 1936இல் இந்திய, இலங்கை, பர்மிய உருளைப்புழுக்களைத் தொகுத்தார். 1962இல் ஷாட் இச்சாதி முழுவதையும் மீளாய்ந்து, பல பெயர்களை ஒன்றாக்கினார். ஒரே இனம் வெவ்வேறு பாம்புகளில் வெவ்வேறளவில் வளரக்கூடுமாதலின், இரண்டொரு புழுவின் அளவுகளைக் கொண்டு இனம் வகுத்தல் தகாது என்பதே நம் கருத்தும்.

இனி வன்னிக்கு வருவோம். குடம்பி மண்ணில் வாழ்வதால், ‘இலங்கை’ என்ற இடக்குறிப்பு போதாது. மாரியில் நீர் நிறைந்தும் கோடையில் வெடித்தும் கிடக்கும் குளக்கட்டுப் புலத்தில், குடம்பி வறண்ட மாதங்களை எங்ஙனம் கடக்கின்றது? ஈரவலயத்துப் புழுவைக் கொண்டு இதற்கு விடை கூறவியலாது. 2009இல் முடிந்த போர்க்காலத்தில் இத்தகைய களஆய்வுக்கு இங்கே இடமிருக்கவில்லை. இன்று கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் உண்டு. 2021இல் வவுனியாவிலும் தனிப் பல்கலைக்கழகம் அமைந்தது. வயலில் அடிபட்டு இறந்த புடையன் வரம்போரத்திற் புதைக்கப்படுமுன் அதன் குடலைச் சாராயத்தில் இட்டு, குளத்தின் பெயர், மாதம், பாம்பின் நீளம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி வைத்தாலே ஆய்வு தொடங்கிவிடும். இறந்த பாம்பின் நச்சுப்பல்லும் தீண்டுமாதலின், தலையை முதலில் அகற்றி ஆழப் புதைத்தல் வேண்டும்.