குதிரில் எத்தனை படி

ஓசூர்ப் பக்கத்து ஊர்களில் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோதான். எங்கள் வீட்டில் தெலுங்கு. சிறுவயதில் குடும்பத்தோடு பாய் விரித்து நல்லதங்காள் கூத்துப் பார்த்தேன். பாட்டு தமிழில், கட்டியங்காரன் இடையிடையே தெலுங்குக்குத் தாவினான். நல்லதங்காளாக ஆடியவர் ஆண். எனக்குப் புரியாத அடிகளை அவ்வா தெலுங்கில் சொன்னாள்.

பன்னிரண்டு வருசப் பஞ்சம். ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவளுக்கு அண்ணி மூளி அலங்காரி சோறு போடவில்லை. பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்தாள். மெக்சிகோவிலும் பிள்ளைகளை ஆற்றில் மூழ்கடித்த ஒருத்தி உண்டு, லா யோரோனா. அழுகிறவள் என்று பொருள். அவள் பேயாக அலைகிறாள். நம்மவளுக்கு வத்திராயிருப்பு அருகே அர்ச்சுனாபுரத்தில் கோயில்.

எனக்கு உறுத்துவது மூளி அலங்காரி. 1876–78 தாது வருசப் பஞ்சத்தில், ஓசூரையும் உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டம் பட்டினியில் செத்தது; இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. ஆனால் கூத்தில் பஞ்சத்துக்கு இருக்கும் ஒரே முகம் ஒரு பெண்ணுடையது. அண்ணன் வேட்டைக்குப் போயிருந்தானாம்!

அவ்வா அன்று என் காதோடு கேட்டாள்: “அந்த அண்ணி வீட்டுக் குதிரில் எத்தனை படி கேழ்வரகு இருந்ததுன்னு யாராவது சொன்னாங்களா?”