ஏணிப்படியில் ஒரு பறவை

பறவை மூளையின் வரலாற்றை நான் ஒரு பெயர்ச்சொல்லின் வரலாறாகத்தான் வாசிக்கிறேன். 'ஸ்ட்ரியேட்டம்' என்பது அந்தச் சொல். லத்தீனில் 'கோடுகள் உடையது' என்று பொருள். பாலூட்டிகளின் முன்மூளையில், மேற்புறணிக்கு அடியில், நரம்பிழைகள் கோடுகோடாய் ஓடும் ஒரு பகுதிக்கு இட்ட பெயர் அது. சிந்திப்பதும் தீர்மானிப்பதும் புறணியின் வேலை, அடியில் கிடக்கும் இது பிறவியிலேயே வந்த பழக்கங்களைக் கவனித்துக்கொள்ளும் என்பது நூறு வருஷத்துக்கு முந்தைய நம்பிக்கை. சரி, இந்த அடித்தளத்தின் பெயரைக் கொண்டுபோய்ப் பறவையின் முன்மூளை முழுக்க ஒட்டிவிட்டால் என்ன ஆகும்? பறவைக்கு யோசிக்க இடமே இல்லாமல் போகும். அப்படித்தான் ஆயிற்று.

ஒட்டியவர்களில் முதன்மையானவர் லூட்விக் எடிங்கர் (1855–1918). ஃப்ராங்ஃபர்ட்டில் இருந்தவர். பல உயிரினங்களின் மூளைகளை அறுத்து, சாயமேற்றி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் துறையை நிறுவியவர்களில் ஒருவர். டார்வின் 1859இல் கிளை பிரியும் மரமொன்றைத்தான் வரைந்து காட்டியிருந்தார். எடிங்கர் கையில் அது மறுபடியும் அரிஸ்டாட்டில் காலத்து ஏணியாயிற்று. கீழ்ப்படியில் மீன், அப்புறம் தவளை, பல்லி, பறவை, பாலூட்டி, உச்சியில் மனிதன். ஒவ்வொரு படி ஏறும்போதும் பழைய மூளையின்மேல் புதிதாக ஒரு பகுதி சேர்ந்துகொண்டே போகிறது என்பது கதையாடல். ஆகவே பறவையிடம் கண்ட பகுதிகள் 'பேலியோஸ்ட்ரியேட்டம்', 'ஆர்க்கிஸ்ட்ரியேட்டம்', 'நியோஸ்ட்ரியேட்டம்', 'ஹைப்பர்ஸ்ட்ரியேட்டம்' ஆயின. பழையது, ஆதி, புதுசு, மிகை. முன்னொட்டுகள்தான் மாறும், வால் மாறாது. 1936இல் ஆரியன்ஸ் காப்பர்ஸ், ஹூபர், கிராஸ்பி மூவரும் எழுதிய பெருநூல் இதைப் பாடமாகவே ஆக்கியது.

எடிங்கரை வில்லனாக்குவது சுலபம். எனக்கு அதில் விருப்பமில்லை. பாலூட்டியின் புறணி ஆறு அடுக்காகப் படிந்திருக்கும். பறவையின் முன்மூளையில் செல்கள் கொத்துக்கொத்தாய்த் திரண்டிருக்கும். அன்றைய சாயங்களில் அது ஸ்ட்ரியேட்டம் மாதிரியேதான் தெரிந்தது. கண்ணில் பட்டதை எழுதினார், அவ்வளவுதான். ஆனால் கண்ணில் பட்டதற்குப் படிநிலையும் சேர்ந்தே எழுதப்பட்டதுதான் விஷயம். பெயரிடுதல் ஓர் அதிகாரச் செயல்பாடு என்று நம்மில் பலர் மேடையேறிப் பேசியிருக்கிறோம். இங்கே அது சாயமும் கண்ணாடித் தகடுமாக, யாருக்கும் உறுத்தாமல் நடந்து முடிந்தது.

அந்த ஏணியை அசைத்துப் பார்த்தவர்களில் எடிங்கரின் மகளே ஒருவர். டில்லி எடிங்கர் (1897–1967) அழிந்துபோன விலங்குகளின் மண்டையோட்டுக் குழிகளில் பதிந்த மூளை வடிவங்களைப் படித்தவர். தொல்லுயிர் மூளையியல் என்ற துறையே அவரால்தான் உருவாயிற்று. யூதக் குடும்பம். நாஜிகள் ஆட்சியைப் பிடித்தபின் ஃப்ராங்ஃபர்ட்டின் சென்கன்பெர்க் அருங்காட்சியகத்தில், கதவிலிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு, ஒளிந்து ஒளிந்து வேலை பார்த்தார். 1938 நவம்பரோடு அதுவும் முடிந்தது. 1939இல் லண்டன், அடுத்த வருஷம் அமெரிக்கா. அங்கேயிருந்து 1948இல் குதிரை மூளையின் பரிணாமம் பற்றிய நூலை வெளியிட்டார். புதைபடிவங்கள் காட்டுவது படிப்படியான ஏற்றத்தை அல்ல, தனித்தனிக் கிளைகளில் தனித்தனியே நிகழ்ந்த மாற்றங்களை என்பது அதன் சாரம். ஏணியின் மேல்படிகளில் மனிதர்களையே இனவாரியாக அடுக்கிய ஒரு விஞ்ஞானம் கொடிகட்டிப் பறந்த நாட்டிலிருந்து உயிர்தப்பி வந்தவர் இதை எழுதினார் என்பதைச் சொல்லாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை.

1960களில் பறவை மூளைக்கே நேரடியான சான்று வந்தது. ஹார்வி கார்ட்டன் புறாவின் நரம்புப் பாதைகளைப் பின்தொடர்ந்தார். காதிலிருந்தும் கண்ணிலிருந்தும் வரும் செய்திகள், பாலூட்டியில் புறணிக்குப் போவதைப் போலவே, பறவையில் 'ஸ்ட்ரியேட்டம்' எனப் பெயர்பெற்ற இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. டோபமைன் போன்ற ரசாயனங்களைத் தேடிப் பார்த்தபோதோ, உண்மையான ஸ்ட்ரியேட்டத்தின் அடையாளம் அடியிலுள்ள ஒரு சிறு பகுதியில்தான் கிடைத்தது. விஷயம் தெரிந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. இன்னும் முப்பத்தைந்து வருஷம் மாணவர்கள் அதே 'நியோஸ்ட்ரியேட்ட'த்தைத்தான் மனப்பாடம் செய்தார்கள்.

இந்த இடைவெளியில்தான் அலெக்ஸ் வருகிறது. 1977இல் ஐரீன் பெப்பர்பெர்க் சிகாகோவின் வளர்ப்புப் பிராணிக் கடையொன்றில் வாங்கிய ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. 'சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை' என்று நாமும் ஏளனம் செய்கிறவர்கள்தானே. பெப்பர்பெர்க் கிளிக்கு எதிரே இரண்டு மனிதர்களை உட்கார வைத்தார். ஒருவர் ஆசிரியர், மற்றவர் கிளிக்குப் போட்டியான மாணவர். சரியாகச் சொன்னால் பரிசு தீனியல்ல, பெயர் சொன்ன அந்தப் பொருளே. அலெக்ஸ் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொருள்களை, 7 நிறங்களை, 5 வடிவங்களைச் சொன்னது. 6 வரை எண்ணியது. இரண்டு பொருள்களைக் காட்டி எதில் வேறுபாடு என்று கேட்டால் நிறம், வடிவம், எதனால் ஆனது என்று பிரித்துச் சொல்லும். வேறுபாடே இல்லையென்றால் 'ஒன்றுமில்லை' என்னும். ஆனால் துறைக்காரர்கள் நம்பத் தயாராயில்லை. 1907இல் அம்பலப்பட்ட 'புத்திசாலி ஹான்ஸ்' குதிரையைக் காட்டினார்கள்: அது கணக்குப் போடவில்லை, கேள்வி கேட்டவரின் முகக்குறியைப் படித்தது. நியாயமான எச்சரிக்கைதான். ஆனாலும் யோசிக்கும் உறுப்பே இல்லையென வரைபடம் சொல்லும் ஒரு பிராணியின் சாட்சியத்தை எந்த நீதிமன்றம் ஏற்கும்? அலெக்ஸ் 2007 செப்டம்பர் 6 அன்று, 31 வயதில் இறந்தது.

அதற்குள் பெயர்கள் விழுந்திருந்தன. 2002இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பறவை மூளை ஆய்வாளர்கள் கூடினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் எரிக் ஜார்விஸ், நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்த கறுப்பின விஞ்ஞானி. நடனக் கலைஞராகப் பயிற்சி பெற்றுவிட்டு, பறவைகள் பாட்டைக் கற்பது எப்படி என்ற கேள்விக்கு வந்தவர். பேசி முடித்ததை 2004, 2005இல் வெளியிட்டார்கள். 'நியோஸ்ட்ரியேட்டம்' போய் 'நிடோபேலியம்' வந்தது; 'ஆர்க்கிஸ்ட்ரியேட்ட'த்தின் பெரும்பகுதி 'ஆர்க்கோபேலியம்' ஆயிற்று. 'பேலியம்' என்றால் மேலாடை. பாலூட்டியின் புறணியும் அந்த மேலாடையில் சேர்ந்ததுதான். பழசு, புதுசு என்று வரிசைப்படுத்தும் முன்னொட்டுகளையும் சேர்த்தே களைந்தார்கள். 2016இல் 28 பறவையினங்களின் மூளைகளைக் கரைத்து ரசமாக்கி நரம்புச் செல்களை எண்ணியபோது, கிளிகளுக்கும் பாடும் பறவைகளுக்கும் அதே எடையுள்ள குரங்கு மூளையைப் போல் சராசரியாக இரு மடங்கு செல்கள் இருப்பது தெரிந்தது. சின்னதுன்னு சொன்னாங்களே, அது இப்படி நெருக்கியடித்த சின்னது.

ஏணி ஒழிந்ததா என்றால், வேறு ஒரு சொல்லைப் பாருங்கள் என்பேன். 1998இல் நிக்கோலா கிளேட்டனும் ஆந்தனி டிக்கின்சனும் ஸ்க்ரப் ஜே என்ற காக்கைக் குடும்பப் பறவையிடம் புழுவையும் வேர்க்கடலையையும் புதைத்துவைக்கக் கொடுத்தார்கள். புழு கெட்டுப்போகும் என்று அனுபவத்தில் அறிந்திருந்த பறவைகள் 4 மணி நேரம் கழித்து விட்டால் புழுவைத் தோண்டின. 124 மணி நேரம் கழித்து விட்டால் கடலையைத் தோண்டின. எதை, எங்கே, எப்போது என்ற மூன்றும் நினைவிருந்தது. மனிதனிடம் இதற்கு நிகழ்வு நினைவு என்று பெயர். பறவைக்கு 'நிகழ்வு நினைவு போன்ற' என்று எழுதினார்கள். 2020இல் புறாவின், ஆந்தையின் முன்மூளையில் இழைகள் பாலூட்டிப் புறணியைப் போலவே குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதைக் கண்டவர்கள் கட்டுரைத் தலைப்பிலேயே 'புறணி போன்ற' என்றார்கள். அடக்கம் விஞ்ஞானத்துக்கு வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் 'போன்ற' எப்போதும் ஒரு பக்கம்தானே போய் ஒட்டிக்கொள்கிறது?

தோஷிதகா சுசுகியும் கூட்டாளிகளும் ஒட்டவில்லை. ஜப்பானின் டிட் குருவி ஒருவகைக் குரல் கொடுத்தால் 'ஆபத்து, சுற்றிப் பார்', இன்னொன்றுக்கு 'கிட்டே வா'. முதலாவதன்பின் இரண்டாவது வந்தால் கேட்கும் குருவி சுற்றிப் பார்த்துக்கொண்டே கிட்டே வரும். பதிவை வரிசை மாற்றி ஒலிக்கவிட்டால் அப்படிச் செய்வது அரிது. 2016இல் இதை வெளியிட்டபோது 'தொடரியல்' என்றே தலைப்பிட்டார்கள். மொழியியல்காரர்களோடு அந்தச் சொல்லின் மேல் சண்டை நடக்கிறது.