பிணை நின்ற அயலவர்

தவறிய பிள்ளையை மறியலுக்கு அனுப்பினால் திருந்துவானா? 1841ஆம் ஆண்டில், பொஸ்ரன் நகரச் சப்பாத்துத் தொழிலாளி ஜோன் ஓகஸ்ரஸ் இக்கேள்விக்குச் செயலால் விடையளித்தார். குடியினால் கூண்டேறிய ஒருவருக்குப் பிணை நின்றார். மூன்று வாரங்களின் பின் மன்றுக்கு வந்தவரிடம் கண்ட மாற்றத்தால் நீதிபதியே வியந்தார். செலவுடன் ஒரு சதமே தண்டமாயிற்று. 1859இல் மறையுமுன் ஓகஸ்ரஸ் ஏறக்குறைய 2,000 பேருக்குப் பிணை நின்றார்.

அவர் இட்ட வித்து ஈழத்திலும் முளைத்தது. 1939ஆம் ஆண்டுச் சட்டமொன்று 16 முதல் 22 வயதுவரையான குற்றவாளிகளுக்குப் பயிற்சிப் பாடசாலையை வகுத்தது. 1944ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க நன்னடத்தைக் கட்டளைச் சட்டம், உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வீட்டிலிருந்தே திருந்த வழிசெய்தது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டமோ, சிறு குற்றம் புரிந்தோர் மறியலுக்குப் பதிலாக ஊதியமின்றிப் பொதுவேலை செய்யவும், போதைப் பழக்கமுடையோர் ஆலோசனை பெறவும் இடமளித்தது.

எனினும் சட்டம் தனித்துச் செய்யக்கூடியது சிறிதே. பகலிலே பொதுவேலை செய்துவிட்டு மாலையிலே நுகேகொடைச் சந்திக்கு வரும் வாலிபனைக் கண்டு நாம் ஒதுங்கினால், அவனை அணைக்கப் பழைய கூட்டாளிகள் காத்திருப்பர்.

பெரியோரே, தோழரே! ஓகஸ்ரஸ் அதிகாரியல்லர், வெறும் அயலவர். நமது படிப்பு வட்டத்திலும் விளையாட்டுக் குழுவிலும் அவ்வாலிபனுக்கு ஓரிடம் ஒதுக்க நாம் ஆயத்தமா?