தலவில யாத்திரையும் மோட்டாரின் தாகமும்

புத்தளத்தை எட்டுவதற்குச் சற்று முன்னர், பாலாவிச் சந்தியிலே பெருவீதியை விட்டு மேற்கே திரும்பிக் கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பரப்பில் நுழைகின்ற பாதை, தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தின் மார்ச், ஆகஸ்ட் மாதத் திருவிழாக்களின்போது யாத்திரிகர்களால் நிறைந்துவிடும். மாட்டுவண்டிக் காலத்தில் மாட்டின் தாகத்துக்காக வழியில் நின்றார்கள். மோட்டார் வந்தபின் அதன் தாகத்துக்காக நின்றார்கள்.

அந்தத் தாகத்துக்குக் காரணம் எஞ்சினின் சூடு. அச்சூட்டை வாங்கிவரும் வெந்நீரைக் காற்றிலே ஆறவைக்கும் கலையை 1900ஆம் ஆண்டிலே செம்மைப்படுத்தியவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக். அவருடைய தேன்கூட்டு ரேடியேற்றரில் 8070 நுண்குழாய்கள் இருந்தன. அந்த ஏற்பாடு காற்றோட்டத்தையும் தூய நீரையும் நம்பியிருப்பது. திருவிழா நெரிசலில் ஊர்ந்து செல்லும் வாகனத்துக்கோ காற்று போதாது, தளர்ந்த பெல்ற் விசிறியைச் சரிவரச் சுழற்றாது, உஷ்ணம் ஏறும். முன்மூடியின் இடுக்கில் வெண்புகை கிளம்பியதும் ஆட்கள் இறங்கி, நனைத்த சாக்கைப் போர்த்தி ரேடியேற்றரின் மூடியைக் கால் திருகு திருகி, சீறல் அடங்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். அமுக்கத்தினால் 100 பாகைக்கு மேலும் கொதியாமல் அடங்கியிருந்த நீர், மூடி திறந்த கணமே பொங்கி எழும் என்பதை வெந்த கைகள் கற்றுக்கொடுத்திருந்தன.

பின்னர் அயல்வீட்டுக் கிணற்றிலிருந்து வாளியில் நீர் வரும். கேளாமலே கொடுக்கப்பட்ட அந்த நீரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். சுண்ணக்கல்லுக்குப் பெயர்போன புத்தளத்துப் பிரதேசத்தின் கிணற்றுநீர் பல இடங்களில் கடினமானது. கடலோரத்தில் உவர்ப்பும் சேர்வதுண்டு. சோற்றுக்கு உலைவைக்கும் பானையின் அடியிலே வெள்ளையாகப் படியும் அதே சுண்ணம் ரேடியேற்றரின் குழாய்களிலும் படிந்து வழியை அடைக்கும். உப்பு உலோகத்தை அரிக்கும். கொதித்த எஞ்சினில் திடீரென ஊற்றிய குளிர்நீர் அதன் தலைப்பகுதியை வெடிக்கச் செய்யவும் கூடும். அன்று வண்டியை நகர்த்திய வாளிநீரே பிறகொரு பயணத்தில் அதை நிறுத்திவிடும்.

பித்தளையும் செம்புமான பழைய ரேடியேற்றரைக் கழற்றி, அடைந்த குழாய்களைக் கம்பியால் குத்தித் திறந்து, ஓட்டைகளை ஈயப் பற்றாசினால் அடைக்கும் தொழில் அக்காலத்திலே நுட்பமான கைவேலையாக மதிக்கப்பட்டது. அலுமினியமும் பிளாஸ்ரிக்கும் சேர்ந்த இன்றைய ரேடியேற்றர்களிலே பற்றாசுக்கு வேலை அரிது. பழுதானதைக் கழற்றி எறிந்து புதியதைப் பூட்டுவதே வழமையாயிற்று. இது அந்தத் தொழிலாளருக்கு நேர்ந்த பெரும் நட்டம்.

ஆகஸ்ட் திருவிழாவுக்குப் புறப்படுகிறவர்களே, முதல்நாள் மாலை, எஞ்சின் ஆறியிருக்கும்போதே, றப்பர்க் குழாய்களைக் கையால் அழுத்தி வெடிப்பு உண்டா என்று பாருங்கள். பெல்ற்றின் இறுக்கத்தைச் சோதியுங்கள். கூலன்ற் கலந்த தூய நீரை ஒரு கலனில் கொண்டுசெல்லுங்கள். வழியிலே கிடைக்கும் கிணற்றுநீரை நீங்கள் பருகுங்கள்.