குழந்தைகளுக்காகப் பிறந்த பேஸ்மேக்கர்

பேஸ்மேக்கர் என்றால் வயதானவர்களின் சமாச்சாரம் என்றே நினைக்கிறோம். ஆனால் உடம்போடு கட்டிக்கொள்ளும் முதல் பேட்டரி பேஸ்மேக்கர் பிறந்தது குழந்தைகளுக்காகத்தான்.

1950-களின் நடுவில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்ட்டன் லில்லஹை, பிறவியிலேயே இதயத்தில் ஓட்டையுள்ள குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்தார். ஓட்டையை அடைக்கும் தையல் சில வேளை, துடிப்பை நடத்தும் மின்பாதையைக் காயப்படுத்திவிடும். பல குழந்தைகளுக்குச் சில நாட்களில் அது தானே சரியாகும். அதுவரை உயிரைப் பிடித்துவைக்க வேண்டுமே! மருத்துவர் பால் ஜோல் 1952-ல் கொண்டுவந்த கருவி மார்பின் தோல் வழியே ஷாக் கொடுத்தது. பிஞ்சு உடம்பு அதைத் தாங்காது. 1957 ஜனவரியில் லில்லஹை மெல்லிய கம்பியை இதயத் தசையிலேயே பொருத்தினார். சொற்ப மின்சாரமே போதுமானதாக இருந்தது.

ஆனால் அந்த மின்சாரத்தைத் தந்த பெட்டி சுவர் பிளக்கை நம்பியிருந்தது. ஒயர் எட்டும் தூரம்தான் குழந்தையின் உலகம். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று ஊரில் கரண்ட் போனது. ஒரு குழந்தை இறந்தது.

லில்லஹை, மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்துவந்த எர்ல் பேக்கனிடம் வழி கேட்டார். பேக்கன், 1949-ல் ஒரு கராஜில் மெட்ரானிக் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். தாளம் தட்டும் மெட்ரோனோமுக்காக ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் வந்திருந்த டிரான்சிஸ்டர் சர்க்யூட் அவர் நினைவுக்கு வந்தது. நான்கே வாரத்தில் பேட்டரியில் ஓடும் கையடக்கப் பெட்டி தயார். நாயிடம் சோதித்துப் பார்க்கக் கொடுத்துவிட்டு வந்தவர், மறுநாள் போனால் அந்தப் பெட்டி ஒரு குழந்தையின் உடம்பில் இணைக்கப்பட்டிருக்கிறது! கையில் கருவி இருக்கும்போது ஒரு பிள்ளையைச் சாகவிட மாட்டேன் என்பது லில்லஹையின் நிலைப்பாடு. இன்றைய விதிகள் அதை அனுமதிக்காது. ஆனாலும் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் பெட்டியின் குமிழைத் திருகிவிடுவார்கள் என்று பின்னர் குமிழ்களை உள்ளடங்கலாக அமைத்தார்கள்.

1958-ல் ஸ்வீடனில் பேஸ்மேக்கர் உடலுக்குள் போனது. அதன்பின் அதன் அளவும் வடிவமும் பெரியவர்களை மனத்தில் வைத்தே வளர்ந்தன. அதனால் குழந்தைகளுக்குப் பொருத்தும் மருத்துவர் தனியாகக் கற்க வேண்டியவை பல. கைக்குழந்தையின் ரத்தநாளம் மெலிது; அதன் வழியே கம்பியை நுழைப்பது கடினம். அதனால் கம்பியை இதயத்தின் வெளிப்புறத்தில் தைத்து, பேட்டரியை வயிற்றுத் தசைக்கு அடியில் வைப்பதே வழக்கம். பிள்ளை வளரும் என்பதால் கம்பியைச் சற்றுத் தளர்வாகச் சுருட்டி விட வேண்டும். ஆயுள் முழுக்கப் பேட்டரியும் கம்பியும் மாற்ற வேண்டிவரும் என்பதால் ரத்தநாளங்களை இப்போதே காப்பாற்றி வைக்க வேண்டும். இத்தகைய நோயாளிகள் குறைவு. தனியொரு மருத்துவமனையில் கை பழகச் சுலபத்தில் வாய்ப்புக் கிடைக்காது. பெரியவர்களுக்குப் பொருத்தும் நிபுணரோடும் இதய அறுவை மருத்துவரோடும் சேர்ந்து நின்றுதான் இந்த வேலையைக் கற்க வேண்டியிருக்கிறது.